ஒரு சிறுமி போட்ட ஆப்பிள் விதை



ஆப்பிள் என்றால் நமக்கு, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிக்கொண்டு போகிற பழம். கடித்தால் இனிக்கணும். புளித்தால் கடைக்காரரோடு சண்டைதான். ஆனால் இங்கிலாந்தில் ஒரு ஆப்பிள் இருக்கிறது. பச்சை நிறம், பெரிய காய். நன்றாக விளைந்தால் கால் கிலோ கூட நிற்கும். கடித்தால் மாங்காய் மாதிரி பல் கூசும். அந்தப் புளிப்புக்காகவே அந்த நாட்டார் அதைத் தேடி வாங்குகிறார்கள். அதன் பெயர் பிராம்லி.

ஏன் புளிப்பைத் தேடுகிறார்கள்? 'ஆப்பிள் பை' செய்யத்தான். பை என்றதும் துணிப்பை என்று நினைத்துவிடாதீர்கள். இது மாவுக்குள் பழத்தை வைத்து அடுப்பில் சுட்டு எடுக்கிற பலகாரம். மைதா இரண்டு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு. உப்பு ஒரு சிட்டிகை, குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் விட்டுப் பிசைந்து வைப்பார்கள். ஆப்பிளைத் தோல் சீவி, நறுக்கி, சர்க்கரை தூவி, இரண்டு கிராம்போ கொஞ்சம் பட்டைத்தூளோ சேர்த்து, ஆழமான தட்டில் குவிப்பார்கள். மேலே மாவை விரித்து மூடி, ஆவி போக ஒரு கீறல் போட்டு, மாவு பொன்னிறமாகிறவரை சுடுவார்கள். தித்திப்பு ஆப்பிள் வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். பிராம்லியோ பஞ்சு மாதிரிக் குழைந்துவிடும். சர்க்கரையோடு அந்தப் புளிப்பு சேரும்போதுதான் ருசி.

நமக்குப் புரட்டாசி, ஐப்பசி நடக்கும்போது அங்கே இலையுதிர் காலம். குளிர் தொடங்குகிற அந்த நாட்களில்தான் பிராம்லி அறுவடை. காயை உள்ளங்கையில் ஏந்தி, லேசாகத் தூக்கித் திருகுவார்கள். காம்போடு கையில் வந்தால் முற்றிவிட்டது, வராவிட்டால் விட்டுவிடுவார்கள். கீழே விழுந்து அடிபட்டது முதலில் பைக்குப் போகும். நல்ல காயைக் காகிதத்தில் சுற்றி, ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, குளிர்ச்சியான இருட்டறையில் வைத்தால் குளிர்காலம் முழுக்க வரும். ஒரு அழுகல் காய் உள்ளே போனால் கூடையே போச்சு.

சரி, இந்த ரகம் எங்கிருந்து வந்தது? நாட்டிங்ஹாம்ஷையர் மாவட்டத்தில் சவுத்வெல் என்று ஒரு சிற்றூர். 1809-ஆம் ஆண்டு அங்கே மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி, தின்ற ஆப்பிளின் விதைகளை மண்ணில் போட்டாள். முளைத்ததில் ஒன்று வீட்டுத் தோட்டத்தில் மரமானது.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். ஆப்பிள் பூவில் காய் பிடிக்கப் பெரும்பாலும் வேறு ரகத்து மரத்தின் மகரந்தம் வேண்டும். ஆகவே விதையிலிருந்து வருகிற கன்று தாய் மாதிரி இருக்காது. பத்து விதை போட்டால் பத்தும் பத்து விதம். பெரும்பாலும் உதவாத காய்தான். அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது அபூர்வமான ஒன்று. அதே மரம் இன்னொன்று வேண்டுமானால், குச்சி எடுத்து ஒட்டுக்கட்டுவதுதான் வழி. நம் ஒட்டு மாங்கன்றும் அப்படித்தானே!

மேரி ஆன் வளர்ந்து அந்த வீட்டை விட்டுப் போய்விட்டார். 1846-இல் மாத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரர் வீட்டை வாங்கினார். மரமும் அவருக்கே சேர்ந்தது. 1856-இல் ஹென்றி மெரிவெதர் என்ற பதினேழு வயதுப் பையன் அந்த ஆப்பிளைப் பார்த்தான். நாற்றுப்பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. பார்த்ததுமே அதன் அருமை தெரிந்துவிட்டது. ஒட்டுக்குச்சி கேட்டான். "எடுத்துக்கொள், ஆனால் என் பெயரைத்தான் வைக்கணும்" என்றாராம் பிராம்லி. அப்படி வந்ததுதான் அந்தப் பெயர். விதை போட்ட மேரி ஆனோ 1852-இலேயே இறந்துவிட்டார். தன் மரம் பெயர் வாங்கப்போகிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1862-இல் மெரிவெதரின் கணக்குப் புத்தகத்தில் முதல் விற்பனை: மூன்று ஆப்பிள், இரண்டு ஷில்லிங். 1883-இல் லண்டன் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் முதல் தரச் சான்றிதழ். 1884-இல் அறுபது கன்றுகள் அயர்லாந்தின் ஆர்மா பகுதிக்குப் போயின. அந்த ஆர்மா பிராம்லிக்கு 2012-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த மரத்துக்கு ஒரு குறையும் உண்டு. சாதாரண ஆப்பிளில் குரோமோசோம் இரண்டு தொகுதி, இதில் மூன்று. அதனால் மகரந்தம் வீரியமில்லாதது. மற்ற மரத்துக்கு உதவாது. பக்கத்தில் வேறு இரண்டு ரகம் வைத்தால்தான் இதற்கும் காய், அவற்றுக்கும் காய். குறை தெரிந்து நட்டவன் மகசூல் எடுத்தான்.

தாய் மரம் என்னாயிற்று? 1900-இல் புயற்காற்றில் சாய்ந்தது. ஆனாலும் திரும்பத் துளிர்த்துக்கொண்டது. நூறு வருஷத்துக்கு மேல் அப்புறமும் காய்த்தது. பின்னாளில் வேரை அரிக்கிற காளான் நோய் பிடித்தது, அதற்கு மருந்தில்லை. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1990-களில் திசு வளர்ப்பு முறையில் அதன் கன்றுகளை எடுத்து வைத்தார்கள். தாய் போனாலும் ரகம் போகாது. ஆனால் பாருங்கள், அன்று ஒரு பையன் நின்று குச்சி கேட்காமல் போயிருந்தால், அது ஒரு வீட்டுக் கொல்லையோடு முடிந்த மரம்.

நம் ஊரிலும் இப்படி மரங்கள் இருக்கின்றன. "எங்க தாத்தா வச்ச மா, ஊறுகாய்க்கு அதுபோல வராது" என்கிறோம். பிறகு வீடு கட்ட, கிணறு வெட்ட, அதையே வெட்டிவிடுகிறோம். வெட்டுவதற்கு முன் நாலு ஒட்டாவது கட்டி வையுங்கள். யார் வைத்தது, எந்த வருஷம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி, விவசாயி தான் உருவாக்கிய ரகத்தைத் தன் பெயரிலேயே பதிவு செய்யலாம். விவரத்துக்குப் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேளுங்கள். விதை போட்டவர் ஒருவர், பெயர் வேறொருவருக்கு என்று நம் வீட்டிலும் ஆக வேண்டாம்.