கரந்தை

நெல் அறுவடையான ஈர வயல்களிலும் குளக்கரைத் தாழ்நிலங்களிலும் தரையோடு படர்ந்து வளரும் சிறு செடி கொட்டைக்கரந்தை. தண்டில் பல்விளிம்புள்ள இறகு போன்ற பட்டை ஓடும். செடி முழுவதும் மணமுடையது. கிளை நுனியில் செவ்வூதா நிறத்தில் உருண்டையான பூக்கொத்து தோன்றும். மலையாளத்தில் இதன் பெயர் அடைக்காமணியன். அடைக்கா என்பது பாக்கு. 1753-இல் லின்னேயசு இதற்கு ஸ்பெராந்தஸ் இண்டிகஸ் எனப் பெயரிட்டார். உழவருக்கு இது ஒரு களை.

பழந்தமிழர் போர் மரபிலோ கரந்தைப் பூவுக்குத் தனி இடம் உண்டு. பகைவர் ஆநிரையைக் கவரச் செல்வோர் வெட்சி சூடினர். கவர்ந்த நிரையை மீட்கச் செல்வோர் கரந்தை சூடினர். தொல்காப்பியம் கரந்தையை வெட்சித் திணைக்குள்ளேயே அடக்குகிறது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித் திணையாக்கியது.

அந்தக் கரந்தை எந்தச் செடி? திருநீற்றுப் பச்சைக்கும் கரந்தை என்ற பெயர் வழங்குவதால் அதுவே என்பார் உளர். ஆவூர் மூலங்கிழார் பாடிய புறநானூற்று 261-ஆம் பாடல் இங்கு உதவுகிறது. மணமுள்ள கரந்தைப் பூவை அது இளம் பசுவின் முலைக்கு ஒப்பிடுகிறது. துளசியினத்தின் நீண்ட கதிருக்கு அவ்வுவமை பொருந்தாது. கொட்டைக்கரந்தையின் திரண்ட பூவுக்குப் பொருந்துகிறது. மணம் இரண்டுக்கும் பொது. ஆகவே வடிவமே தீர்ப்புச் சொல்ல வேண்டும். பசுவுக்காக உயிர் கொடுத்தவனின் பூவுக்குப் பசுவையே உவமையாக்கியது புலவரின் நுட்பம்.

அப்பாடலின் தலைவன் நிரையை மீட்டுத் தந்துவிட்டு நடுகல்லானவன். விருந்தினரால் நிறைந்திருந்த அவன் வீடு கைம்பெண்போலப் பொலிவிழந்து கிடக்கிறது. மரபறிந்தோர் அவனுக்குக் கரந்தை சூட்டுகின்றனர்.

இது வெறும் இலக்கிய வழக்கன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று ‘ஆகோள்’ பூசலைக் குறிக்கிறது. பல்லவர் காலச் செங்கம் நடுகற்களில் ‘தொறு’ மீட்டு மாண்ட வீரர் பலர் பெயரோடு நிற்கின்றனர். தொறு என்றால் மாட்டுமந்தை.

தஞ்சையில் 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் பெயரை இப்பூவோடு இணைத்துப் பார்க்கத் தோன்றும். அது கருந்திட்டைக்குடி என்னும் ஊர்ப்பெயரின் சுருக்கம்.