வானத்தைப் பார்த்து ஐஸ் போட்டவங்க

இன்னைக்கு எபிசோட்ல, தாம்பரத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத மாதிரி தெரியுற ஒரு கேள்வி. திறந்தவெளியில ஐஸ் ஸ்கேட்டிங் பண்ணணும்னா, ஒரு ஊர்ல எதைப் பார்த்து இடம் பிடிப்பாங்க?

"குளிரான இடம்"னு சட்டுனு சொல்லிடுவோம். அது பாதி பதில்தான். மீதி பதில் நம்ம பைக் ஸ்டாண்டுலயே இருக்கு. மார்கழி காலையில தாம்பரத்துலயோ சேலையூர்லயோ வெட்டவெளியில நிறுத்தின பைக்கோட சீட்டு பனியில நனைஞ்சு கிடக்கும். பத்தடி தள்ளி மரத்தடியில நிக்கிற பைக்கோட சீட்டு காய்ஞ்சிருக்கும். ரெண்டு இடத்துலயும் காத்து ஒரே குளிர்தான். வித்தியாசம், தலைக்கு மேல என்ன இருக்குங்கிறதுதான். மேகமில்லாத ராத்திரியில எந்தப் பொருளும் தன்னோட வெப்பத்தை வானத்தைப் பார்த்து விட்டுக்கிட்டே இருக்கும். அதனால சுத்தியிருக்கிற காத்தைவிடக் கூடுதலாவே குளிர்ந்துடும். மேல மரமோ மேகமோ இருந்தா, போற வெப்பத்துல ஒரு பங்கு திரும்பி வந்துடும்.

மெஷின் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, வட இந்தியாவுல இதை வெச்சு ஐஸ் தயாரிச்சிருக்காங்க. சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1775-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அலகாபாத் போன்ற இடங்களில், பரந்த வெட்டவெளியில் சுமார் 30 அடி சதுரத்துக்கு 2 அடி ஆழத்தில் குழி வெட்டுவார்கள். தரையின் சூடு மேலே ஏறாமல் இருக்க, அடியில் காய்ந்த கரும்போ சோளத்தட்டையோ கனமாகப் பரப்புவார்கள். அதன்மேல் மெருகு பூசாத சின்ன மண்தட்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குல ஆழம்தான். பொழுது சாயும்போது காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, சூரியன் வருவதற்குள் ஐஸை அள்ளிவிடுவார்கள். மேகம் வந்தாலோ காத்து வீசினாலோ அன்னைக்கு வேலை போச்சு. அவங்க தரையைத் தேர்ந்தெடுத்ததே வானத்தைப் பார்த்துத்தான்.

சரி, மெட்ராஸ்ல ஏன் இதைச் செய்யல? செஞ்சாலும் உறையாது. நம்ம ஊர்ல பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். கடல் பக்கத்துல இருக்கிறதால காத்துல ஈரம் வேற. அந்த ஈரமும் மேகம் மாதிரியே வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். அதனால மெட்ராஸ் ஐஸை வெளியிலிருந்து வாங்கிச்சு. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடரின் ஐஸ் 1833-ல் முதல்முறையாகக் கல்கத்தா வந்தது. 1840-களில் மெட்ராஸில் கடற்கரையை ஒட்டி ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. இன்றைக்கு அதுதான் விவேகானந்தர் இல்லம். அப்போ மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்ல வந்த சரக்கு மசூலா படகுல அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரணும். வழியில கரையுற சரக்குக்குக் கரையோரமே கிடங்கு. ஐஸ் உறையுறதுக்கு இடம் தேடாத நம்ம ஊர், ஐஸ் கரையாம இருக்க இடம் தேடிச்சு. 1870-களில் இங்கேயே நீராவி இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அமெரிக்க ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது.

ஐஸ் இருந்தும் மெட்ராஸ்ல அது மேல யாரும் சறுக்கல. அது கதவைச் சாத்தி வைக்கிற பொருளாவே இருந்துச்சு. சறுக்குறதுக்கு ஐஸ் வேணும்னா ஷிம்லா போகணும்.

ஷிம்லாவின் ஐஸ் ஸ்கேட்டிங் மைதானம் 1920-ல் தொடங்கியது. பிளெஸ்ஸிங்டன் என்பவர், டென்னிஸ் மைதானத்தில் கிடந்த தண்ணீர் ராத்திரியில் உறைவதைப் பார்த்து ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். தெற்காசியாவிலேயே பழமையான இயற்கை ஐஸ் மைதானம் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். அங்கே குளிரூட்டும் மெஷின் இல்லாமல்தான் ஐஸ் போட்டுவந்தார்கள். சாயங்காலம் தரையில் தண்ணீர் விட வேண்டும், ராத்திரி உறைய வேண்டும். அதன்மேல் அடுத்த நாள் இன்னொரு அடுக்கு.

இங்கதான் இடத் தேர்வு முக்கியமாகுது. அலகாபாத்காரங்க விடியறதுக்குள்ள ஐஸை அள்ளிட்டுப் போயிடலாம். ஷிம்லாவுல ஐஸ் பகல் முழுக்க அதே இடத்துல கிடக்கணும். லக்கர் பஜாருக்குக் கீழே இருக்கிற அந்த மைதானத்துக்கு மலைச்சரிவுதான் நிழல். சரிவு பக்கவாட்டுல வர்ற வெயிலை மறைக்கும், நேர் மேல வானம் திறந்தே இருக்கும். பகல்ல சூரியனை மறைக்கணும், ராத்திரி வானத்தை மறைக்கக் கூடாது. இந்த ரெண்டும் ஒரே இடத்துல கிடைக்கிறது அபூர்வம். கூரை போட்டா முதலாவது கிடைக்கும், ரெண்டாவது போயிடும்.

ஒரு காலத்துல அங்க ஒரு சீசனுக்கு நூறு செஷனுக்கு மேல நடந்திருக்கு. இப்போ பல வருஷமா அது ரொம்பக் குறைஞ்சுடுச்சு. குளிர்காலம் சூடாகிட்டே போகுது, சுத்தியும் கட்டடமும் வண்டியும் கூடிடுச்சுன்னு அங்க இருக்கிறவங்க சொல்றாங்க. அதனாலதான் மெஷின் வெச்சு வருஷம் முழுக்க ஐஸ் போடலாம்னு ரொம்ப நாளா பேசுறாங்க. அது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஸ்கேட்டிங் கத்துக்கிற பசங்களுக்கு ஐஸ் வேணும், அவ்வளவுதான். ஆனா மெஷின் வந்துட்டா அந்த மலைச்சரிவுக்கு வேலை இல்லை. ஈசிஆர்ல ஈஞ்சம்பாக்கத்துல இருக்கிற விஜிபி ஸ்னோ கிங்டம் மாதிரி, கரண்ட் இருக்கிற எந்த இடமும் சரியான இடம்தான். இடம் பார்க்கத் தெரிஞ்ச அறிவுதான் அப்போ தேவையில்லாம போகும்.

டிசம்பர், ஜனவரியில ஷிம்லா போறவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ். ஃபோன்ல டெம்பரேச்சரை மட்டும் பார்த்துட்டுக் கிளம்பாதீங்க. முந்தின ராத்திரி வெளிய வந்து தலையைத் தூக்கிப் பாருங்க. நட்சத்திரம் பளிச்சுனு தெரிஞ்சு, காத்தும் அடங்கியிருந்தா, காலையில ஸ்கேட் போட வாய்ப்பு இருக்கு. மேகம் மூடியிருந்தா போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.