கடலுக்குக் கணக்கெழுதியவர்கள்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றைக் கேட்டால் பெரும்பாலும் தளபதிகளின் வரலாறே நமக்குக் கிடைக்கிறது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியது, 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தது, 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது: இவ்வாறு அது செல்லும். கோணேசர் ஆலயம் நிற்கும் குன்றின் கோட்டைக்குப் பிரட்ரிக் என்று பெயர். அந்த ஆங்கில இளவரசர் இம்மண்ணை ஒருமுறையேனும் மிதித்தவர் அல்லர். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. இக்கடலை எண்ணிக் கணக்கிட்டவர்களையோ நாம் நினைப்பதே இல்லை.

இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. எனினும் கடற்படம் வரைவோனுக்கும் துறைமேடை கட்டுவோனுக்கும் அந்தச் சில அடிகளின் கணக்கு இன்றியமையாதது. 1890களில் இந்திய நிலஅளவைத் திணைக்களம் இத்துறைமுகத்தில் வற்றுப்பெருக்கை அளந்து பதிவு செய்தது. நீரில் மிதக்கும் ஒரு மிதவை, அதனோடு பிணைத்த பென்சில், கடிகாரத்தால் சுழலும் உருளைமீது தாள். கடல் தன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தானே வரைந்துகொண்டிருக்கும்.

வரைந்தது கடல், அதைப் படித்தவர் மனிதர். மணிக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்தால் ஓராண்டுக்கு 8,760 எண்கள். சந்திரனின் இழுப்பு 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்புகிறது. சூரியனின் இழுப்பு 12 மணிக்கு ஒருமுறை. இவை போன்ற பல அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததே நாம் கரையில் காணும் வற்றும் பெருக்கும். எண்களை வெவ்வேறு கால அளவுகளில் அடுக்கி, கூட்டி, சராசரி கண்டு ஒவ்வோர் அலையையும் தனியே பிரித்தெடுத்தல் வேண்டும். அவ்வாறு பிரித்தவற்றை மீண்டும் கூட்டி வருங்காலக் கடலை முன்னறிவதற்கு இலண்டனில் ஒரு பொறி இருந்தது. நாவிக பஞ்சாங்க அலுவலகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ராபர்ட்ஸ் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே வகுத்தது அது. 1879இல் செய்து முடிக்கப்பட்டது. பல சக்கரங்கள்மீது ஒரே கம்பி ஓடும். ஓர் அலைக்கு ஒரு சக்கரம். கைப்பிடியைச் சுழற்றினால் ஓராண்டின் வற்றுப்பெருக்கு சில மணி நேரத்தில் தாளில் விழும்.

ஆனால் பொறிக்கு எண்களை ஊட்டியவர் யார்? கம்ப்யூட்டர் என்ற சொல் அந்நாளில் எந்திரத்தின் பெயரன்று. அரசாங்க மேசைமுன் குனிந்திருந்து கணக்கிட்ட மனிதனின் பதவிப் பெயர் அது.

அப்பதவியில் இருந்தவர் பட்ட பாட்டை அறிய, இதே நிலஅளவைத் திணைக்களத்தில் அரை நூற்றாண்டு முன்னர் பணி செய்த ராதாநாத் சிக்தாரை நோக்குவோம். கல்கத்தா இந்துக் கல்லூரியில் கணிதம் கற்ற அவ்வங்க இளைஞர் 1831இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். தலைமைக் கணிப்பாளராக உயர்ந்தார். பதினைந்தாம் சிகரம் என்று மட்டும் குறிக்கப்பட்ட மலையே உலகில் உயர்ந்தது எனக் காட்டிய கணக்கில் அவர் பங்கு பெரிது. (மேலதிகாரியிடம் ஓடோடிச் சென்று அதை அறிவித்தார் என்பது பின்னாளில் புனைந்த கதையாகவும் இருக்கலாம், அதனால் அவர் பெருமை குறையாது.) 1856இல் அச்சிகரத்தின் உயரம் 29,002 அடியென வெளியிடப்பட்டது. பெயர் மட்டும் எவரெஸ்ட் துரைக்குப் போயிற்று.

நம் உள்ளத்தை அதைவிட ஈர்ப்பது 1843இல் டேராடூனில் நடந்தது. நிலஅளவைத் தொழிலாளரை வான்சிட்டார்ட் என்னும் மாஜிஸ்திரேட் தம் மூட்டைகளைச் சுமக்கும்படி வற்புறுத்தினார். எண்களோடு மட்டும் உறவாடியிருக்க வேண்டிய சிக்தார் அம்மூட்டைகளைத் தடுத்து நிறுத்தினார். வழக்கு நடந்தது. தண்டனை பெற்றவர் மாஜிஸ்திரேட் அல்லர்; சிக்தாருக்கு 200 ரூபாய் அபராதம்! 1851இல் வந்த நிலஅளவைக் கையேடு அவருடைய உதவியை முன்னுரையில் நன்றியோடு குறித்தது. அவர் 1870இல் இறந்தார். 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த நன்றியுரை காணப்படவில்லை. அவர் எழுதிய பகுதிகள் இருந்தன. செத்தவனின் உடைமையைத் திருடுவது இது எனப் பத்திரிகை உலகிலேயே கண்டனம் எழுந்தது.

எண்பது ஆண்டுகள் கழிந்து, 1912இல், மற்றொரு துறைமுகத்தில், சென்னைத் துறைமுகக் கழகத்தில், இராமானுஜன் எழுத்தராகச் சேர்ந்தார். சம்பளம் அதே 30 ரூபாய்! பட்டம் அவருக்கு இல்லை. அவருக்கு மேலிருந்த நாராயண ஐயர் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர், இருவரும் இரவில் சிலேட்டுப் பலகையோடு உட்கார்ந்து கணிதம் செய்தனர். பகலில் துறைமுகத்தின் வரவு செலவு.

திருகோணமலைக் கடலைக் கணித்தது யாருக்காக? ஏகாதிபத்தியத்தின் கடற்படைக்காகவும் வணிகத்துக்காகவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அலைகளைப் பிரித்தறியும் கணக்கு எவருடைய கடற்படைக்கும் சொந்தமன்று. 2004 டிசம்பர் 26 காலை இக்கரைக்குச் சுனாமி வந்தபோது மக்களை எட்டிய எச்சரிக்கை ஏதுமில்லை. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது 2005இல். அதற்குள் அலை பல்லாயிரம் உயிர்களை நாடெங்கும் கொண்டுபோயிருந்தது. சுனாமி வந்ததையும் அதன் அளவையும் கடல்மட்டப் பதிவில் காண வேண்டுமானால் முதலில் வழக்கமான வற்றையும் பெருக்கையும் கழிக்க வேண்டும். எஞ்சுவதே அபாயத்தின் அளவு. அக்கழித்தல் இன்று கணினியில் நடக்கிறது. அரசாங்கச் சம்பளத்தில் அதைச் செய்வோர்க்கு வேண்டிய கல்வி கணிதமே.

நிலாவெளிச் சாலையில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கிருந்து கடல் தொலைவில் இல்லை. கணிதம் பயிலும் மாணவனின் பாடநூலில் பூரியர் தொடர் என்றொரு பகுதி வரும். 1890களில் மிதவை வரைந்த கோட்டிலிருந்து சந்திரனின் பங்கைப் பிரித்தெடுத்த கணக்கின் வேர் அதுதான்.