சக்கரம் நின்ற இடம்

தொலைநோக்கிகளின் வரலாறு பெரும்பாலும் ஆடிகளின் விட்டத்தைக் கொண்டே எழுதப்படுகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியிலுள்ள நிர்ஸ்பெக் நிறமாலைவரைவியின் வரலாற்றிலோ ஒரு சக்கரமே முதன்மை பெறுகிறது.

ஆறு கீற்றணிகள், ஒரு முப்பட்டகம், ஓர் ஆடி ஆகிய எட்டையும் தாங்கிய அச்சக்கரம், ஏறத்தாழ 40 கெல்வின் குளிரில் மோட்டாரால் சுழற்றப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அது மயிரிழையளவு விலகியே நிற்கிறது. அச்சிறு விலகல் நிறமாலையைக் குவிதளத்தில் இடம்பெயர்த்துவிடும். அலைநீளம் தவறினால் விண்மீன் மண்டலத்தின் செந்நகர்வும் தவறும். ஆடி விலகியது அறியப்படாவிடில், 0.2 ஆர்க்செகண்ட் அகலமேயுள்ள நுண்கதவுகளுக்குள் இலக்கின் ஒளி சரியாக விழாது.

விலகலை முற்றாக ஒழிக்க முடியாத நிலையில், அதனை அளக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. இரு காந்தத்தடை உணரிகள் ஒவ்வொரு சுழற்சிக்குப் பின்னும் சக்கரத்தின் சாய்வைப் பதிவுசெய்கின்றன. அவற்றின் மின்னழுத்தம் பிம்பத்தின் எவ்வளவு நகர்வைக் குறிக்கிறது என்பது, 2011இல் ஜெர்மனியில் தொடங்கிய குளிர்நிலைச் சோதனைகளின் தரவுகளிலிருந்து கணிக்கப்பட்டது. 2022இல், விண்ணில் அத்தொடர்பு மீண்டும் திருத்தியமைக்கப்பட்டது.

நிர்ஸ்பெக் அளித்த செந்நகர்வு மதிப்புகள் ஒவ்வொன்றிலும், சக்கரம் நின்ற இடத்தைச் சொன்ன அம்மின்னழுத்தமும் அடங்கியிருக்கிறது.