மூதவையும் வன்னி நாடும்

1947 ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்த சோல்பரி அரசியற்றிட்டம் இலங்கைக்கு ஈரவைப் பாராளுமன்றத்தை அளித்தது. கீழவை 101 அங்கத்தவர் கொண்ட பிரதிநிதிகள் சபை. மேலவை 30 அங்கத்தவர் கொண்ட செனற் சபை என்னும் மூதவை. ஆள் அருகி நிலம் பரந்த வன்னிக்கு இவ்விரண்டனுள் எது துணைநின்றது என்பது ஆராயத்தக்கது.

கீழவைக்குத் தெரிவாவோர் 95 பேர். எஞ்சிய அறுவர் நியமனம் பெற்றோர். 75,000 மக்களுக்கு ஓரிடம் என 70 இடங்களும், ஆயிரம் சதுர மைலுக்கு ஓரிடம் என 25 இடங்களும் வகுக்கப்பட்டன. தலையை மட்டும் எண்ணாது தரையையும் அளந்த இவ்விதி காட்டுநிலங்களுக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. வவுனியாத் தொகுதி 1947 இல் கணிதப் பேராசிரியராயிருந்த செ. சுந்தரலிங்கத்தைத் தெரிந்தனுப்பிற்று. வர்த்தக மந்திரியாகிய அவர், இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமை மசோதாவை ஒட்டி 1948 இல் பதவி துறந்தார். வவுனியா அவரைக் கைவிடவில்லை. 1952 இலும் 1956 இலும் மீண்டும் அனுப்பிற்று.

மூதவையின் அமைப்போ வேறு. பதினைவரைப் பிரதிநிதிகள் சபை தனிமாற்று வாக்கு முறையால் தெரிந்தது. பதினைவரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். சிறுபான்மையோருக்கு இது அரணாகும் எனப் பலர் நம்பினர். கணக்கை நோக்கின் அந்நம்பிக்கையின் வலிமை விளங்கும். பதினைந்து இடங்களையும் ஒருங்கே நிரப்பிய முதற்றெரிவில், 101 பேரும் வாக்களிப்பின் ஏழு வாக்குகள் ஓரிடத்துக்குப் போதும். ஆனால் ஈராண்டுக்கொருமுறை மூன்றிலொரு பங்கினரே விலகினர். ஆதலால் பின்னர் ஐந்து இடங்களே நிரப்பப்பட்டன. அப்போது வேண்டியன பதினேழு வாக்குகள்! வடமாகாணத்தின் பிரதிநிதிகளோ ஒன்பதின்மர். அமெரிக்க மூதவை போல நிலப்பகுதிகளுக்கென இடம் ஒதுக்கியிருப்பின் வன்னியின் குரல் அங்கும் ஒலித்திருக்கலாம். அஃது இங்கு நிகழவில்லை.

அதிகாரமும் குறைவே. பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் அச்சபை தாமதிக்க இயலாது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தையோ 1956 ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்தையோ அது தடுத்து நிறுத்தவில்லை. எனினும் சோ. நடேசன் போன்ற நியாயவாதிகளின் வாதங்கள் அங்கே பதிவாயின. அவ்வளவில் அச்சபை வீணன்று.

1971 ஒக்டோபர் 2 இல் மூதவை ஒழிக்கப்பட்டது. தரையையும் எண்ணும் விதி அதன்பின்னரும் நின்றது. 1960 இல் கிளிநொச்சி தனித்தொகுதியாகியிருந்தது. 1977 இல் முல்லைத்தீவும் அவ்வாறாயிற்று.