கைப்பந்தாட்டச் சொற்கள்

கைப்பந்தாட்டச் சொற்கள் என்பன கைப்பந்தாட்டத்தில் ஆட்டக்காரர்கள், நடுவர்கள், பயிற்றுநர்கள், வர்ணனையாளர்கள் ஆகியோர் பயன்படுத்தும் கலைச்சொற்களும் வழக்குச் சொற்களும் ஆகும். இவற்றுட் சில விதிநூலில் இடம்பெற்றவை. சில களத்தில் தோன்றிப் பரவியவை. விதிகள் மாறியபோது புதிய சொற்கள் தோன்றியுள்ளன. பழைய சொற்கள் பொருள் மாறி நிலைத்தும் உள்ளன. இவ்விளையாட்டு தமிழ்நாட்டில் கைப்பந்து, வாலிபால் என்றும், இலங்கையில் கரப்பந்தாட்டம் என்றும் வழங்கப்படுகின்றது.

பெயர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஹோலியோக் நகரில் 1895 ஆம் ஆண்டு வில்லியம் மார்கன் இவ்விளையாட்டை உருவாக்கினார். அவர் இட்ட பெயர் மின்டனெட் என்பதாகும். 1896 இல் இதன் செயல்விளக்கத்தைக் கண்ட ஆல்பிரட் ஹால்ஸ்டெட், பந்து தரையைத் தொடுமுன் இரு பக்கமும் மாறி மாறி அடிக்கப்படுவதைச் சுட்டி, வாலிபால் என்ற பெயரைப் பரிந்துரைத்தார்.

அடிப்படைச் செயல்கள்

ஓர் அணி மூன்று தொடல்களுக்குள் பந்தை வலைக்கு அப்பால் அனுப்ப வேண்டும். பெரும்பாலான சொற்கள் இம்மூன்று தொடல்களை ஒட்டியே அமைந்துள்ளன.

• சர்வ்: ஆட்டத்தைத் தொடங்கும் அடி. எதிரணியால் ஆட்டத்தில் வைத்திருக்க முடியாமல் நேரடியாகப் புள்ளி பெற்றுத்தரும் சர்வ், ஏஸ் எனப்படும். சுழற்சியின்றிக் காற்றில் தள்ளாடி வருவது ஃபுளோட். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பிரேசில் ஆடவர் அணி, குதித்து அடிக்கும் சர்வைப் புகழ்பெறச் செய்தது.
• பாஸ்: எதிரணியின் சர்வை முன்கைகளால் ஏற்று, செட்டரிடம் சேர்த்தல்.
• செட்: தாக்குபவர் அடிப்பதற்கு ஏற்ற உயரத்தில் பந்தை விரல்களால் எழுப்பிக் கொடுத்தல். செட்டர் அவ்வாறு கொடுக்காமல், இரண்டாம் தொடலிலேயே பந்தை எதிர்ப்பக்கம் தட்டிவிடுவது டம்ப் எனப்படும்.
• ஸ்பைக்: குதித்து, பந்தைக் கீழ்நோக்கி ஓங்கி அடித்தல். செட், ஸ்பைக் இணைந்த தாக்குதல் முறை 1916 இல் பிலிப்பைன்சில் உருவானது. அங்கு இவ்வடி பாம்பா என அழைக்கப்பட்டது. உடனே புள்ளி தரும் தாக்குதல் கில் எனப்படும்.
• பிளாக்: வலையருகே குதித்துக் கைகளால் தடுத்தல். பிளாக்கில் பந்து பட்டது மூன்று தொடல்களில் ஒன்றாகக் கணக்கிடப்படுவதில்லை.
• டிக்: எதிரணி அடித்த பந்து தரையில் விழாமல் எடுத்தல். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பான் மகளிர் அணி, விழுந்து உருண்டு பந்தெடுத்து உடனே எழும் முறைக்குப் பெயர்பெற்றது.

அணி அமைப்பு

5-1, 4-2, 6-2 என்பவற்றில் முதல் எண் தாக்குபவர்களையும், இரண்டாம் எண் செட்டர்களையும் குறிக்கும். 6-2 முறையில் கூட்டுத்தொகை எட்டாக இருப்பினும், களத்தில் ஆறு பேரே இருப்பர். பின்வரிசையில் நிற்கும் செட்டர் பந்தெழுப்புவார். முன்வரிசைக்கு வரும்போது அவரே தாக்குபவராவார். எனவே அவர் இரு முறை எண்ணப்படுகிறார்.

லிபரோ என்பது சுதந்திரமானவர் எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லாகும். தற்காப்பிற்கென்றே உள்ள இவ்வாட்டக்காரர் 1998 இல் பன்னாட்டு ஆட்டங்களில் அறிமுகமானார். இவர் மாறுபட்ட நிறச் சட்டை அணிவார். பிளாக் செய்ய முடியாது. வலையின் மேல்விளிம்பிற்கு மேலுள்ள பந்தைத் தாக்கி எதிர்ப்பக்கம் அனுப்பவும் முடியாது.

பொருள் மாறிய சொல்

முற்காலத்தில் சர்வ் செய்யும் அணியே புள்ளி பெற முடியும். மற்ற அணி வென்றால் சர்வ் உரிமை மட்டுமே மாறும். அம்மாற்றமே சைட் அவுட் எனப்பட்டது. புள்ளி எதுவும் கூடாமல் சர்வ் மட்டும் மாறிக்கொண்டிருந்ததால் ஆட்டங்கள் நீண்டன. 1990களின் இறுதியில் ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் புள்ளி தரும் முறை கொண்டுவரப்பட்டது. எனினும் அச்சொல் மறையவில்லை. எதிரணியின் சர்வை ஏற்று அப்பரிமாற்றத்தை வெல்வதை இன்று அது குறிக்கின்றது.

தவறுகளைக் குறிக்கும் சொற்கள்

ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடுவது டபுள் எனவும், பந்தைப் பிடித்து எறிவதுபோல் ஆடுவது லிஃப்ட் எனவும் வழங்கும். பிளாக் செய்தவர் உடனே மீண்டும் தொடுவது தவறாகாது.

வழக்குச் சொற்கள்

• பேன்கேக்: உள்ளங்கையைத் தரையில் பதித்து, புறங்கையில் பந்து பட்டெழச் செய்தல்.
• சிக்ஸ் பேக்: அடித்த பந்து தற்காப்பவரின் முகத்திலோ மார்பிலோ படுதல்.
• ஷேங்க்: பாஸ் கட்டுப்பாடின்றி எங்கோ தெறித்தல்.
• டூல்: பிளாக் செய்பவரின் கையிலேயே அடித்து, பந்தை வெளியே போகச் செய்தல்.
• ஜௌஸ்ட்: வலைக்கு நேர்மேலே இரு அணியினரும் பந்தை ஒரே நேரத்தில் தள்ளுதல்.
• கேம்ப்ஃபயர்: பலரும் சுற்றிநின்று பார்த்திருக்க, பந்து நடுவில் விழுதல். கூடாரத் தீயைச் சூழ்ந்து நிற்பதுபோன்ற தோற்றத்தால் இப்பெயர் வந்தது. பந்தை யார் எடுப்பது என ஆட்டக்காரர்கள் குரல் கொடுக்காமையே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

கடற்கரைக் கைப்பந்தாட்டம்

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இருவர் ஆட்டத்தில், திறந்த விரல்நுனிகளால் பந்தை மெல்லத் தட்டி எதிர்ப்பக்கம் விடுவது தவறாகும். ஆகவே மடித்த விரல்களின் கணுக்களால் தட்டும் போக்கி, விறைத்து நீட்டிய விரல்களால் தட்டும் கோப்ரா ஆகிய அடிகளும் அவற்றுக்கான பெயர்களும் வழக்கிற்கு வந்தன.