திறக்காத பெட்டி

பழம்பொருட்களில் இரண்டு வகை உண்டு. தன் வேலையைச் செய்து முடித்து ஓய்ந்துபோன பொருள் ஒன்று. தாத்தாவின் கைக்கடிகாரமும் பாட்டியின் தையல் இயந்திரமும் அந்த வகை. வேலையைத் தொடங்காமலேயே பழையதாகிவிட்ட பொருள் மற்றொன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒருவர் வாங்கி, ‘அடுத்த குளிர்காலத்தில் கட்டலாம்’ என்று பரணில் போட்டுவைத்த மாதிரி விமானக் கிட் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அட்டைப் பெட்டிக்குள் பால்சா மரப் பலகைகள், பலமுறை மடித்த ஒரு வரைபடம், வளைத்த எஃகுக் கம்பிகள், சில திருகாணிகள். விமானம் என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. விமானத்துக்கான சாத்தியம் மட்டுமே இருக்கிறது.

அப்படி ஒரு பெட்டி நம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியின் மேல் ‘டாரஸ்’ என்ற பெயரும், ‘டாப் ஃப்ளைட்’ என்ற சிகாகோ நிறுவனத்தின் பெயரும் இருக்கின்றன. இதைக் கட்டுவதா, காப்பதா? திறக்காத பெட்டிக்குச் சேகரிப்பாளர் சந்தையில் மதிப்பு அதிகம். முதல் விலா எலும்பைப் பலகையிலிருந்து பிரித்தெடுக்கும் கணத்தில் அந்த மதிப்பு போய்விடும். எளிய கேள்விபோலத்தான் தெரிகிறது. ஆனால் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று அறியாமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது. அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1937ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தின் காலமசூ நகரில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் தங்கள் ‘கஃப்’ விமானத்தை வானொலி அலையால் இயக்கிக் காட்டினர். அந்த விமானம் பின்னர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. அன்றைய சாதனை, பறந்த விமானம் சொன்ன திசையில் திரும்பி வந்து சேர்ந்ததுதான். வானத்தில் வட்டமடிப்பதும் குப்புறப் பறப்பதும் பின்னால் வந்த ஆசைகள். 1947இல் ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த குளோ பிளக், சிறிய எஞ்சின்களைப் பற்றவைப்புச் சுருளின் சுமையிலிருந்து விடுவித்தது. மெத்தனால் கலந்த எரிபொருளில் அவை எளிதாக ஓடின. வலு கிடைத்துவிட்டது. குறையாக இருந்தது கட்டுப்பாடு.

1950களின் பிற்பகுதியில் அந்தக் குறையை ஓரளவு தீர்த்துவைத்தவை ‘ரீட்’ கருவிகள். ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெவ்வேறு நீளமுள்ள மெல்லிய உலோக நாக்குகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய சுருதிக்கு மட்டுமே அதிரும். தரையிலுள்ளவர் ஒரு சிறு விசையை அழுத்தினால் ஒரு குறிப்பிட்ட சுருதி வானொலியில் ஏறிச் செல்லும். விமானத்துக்குள் அந்தச் சுருதிக்குரிய நாக்கு அதிர்ந்து, மின்தொடர்பு கொடுத்து, சர்வோ மோட்டாரை ஓடவைக்கும். முகப்பை உயர்த்த ஒரு சுருதி, தாழ்த்த ஒன்று; இடப்பக்கம் உருள ஒன்று, வலப்பக்கம் ஒன்று; வால் சுக்கானுக்கு இரண்டு; எஞ்சின் வேகத்துக்கு இரண்டு; நுண்சமன் செய்ய இரண்டு. ஆக மொத்தம் பத்து.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரும் இடர் இருந்தது. விசையை அழுத்தினால் சுக்கான் கடைசிவரை செல்லும். விட்டால் நடுநிலைக்குத் திரும்பும். ‘கொஞ்சம்’ என்ற சொல்லே அந்தக் கருவியின் மொழியில் கிடையாது. கொஞ்சம் திருப்ப விரும்பியவர், தந்தி அனுப்புபவரைப்போல விசையைத் தட்டித் தட்டி விட வேண்டியிருந்தது. விமானம் வரைந்த வட்டம் உண்மையில் பல சிறு உடைவுகளின் தொகுப்பு. கீழிருந்து பார்ப்பவர்களுக்கு அது முழுவட்டமாகத் தெரிய வேண்டும் என்பதுதான் வித்தை.

1960இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் ரேடியோ விமான சாகசத்துக்கான முதல் உலகப் போட்டி நடந்தபோது நிலைமை இதுதான். அமெரிக்காவின் எட் கஸ்மிர்ஸ்கி ‘ஒரியன்’ என்ற தன் சொந்த வடிவமைப்புடன் வந்து வென்றார். அதன் வழித்தோன்றல்தான் ‘டாரஸ்’. இறக்கையின் முழுநீளம் சுமார் 70 அங்குலம், எஞ்சின் 0.45 கன அங்குல வகை. தாழ்ந்த இறக்கை, மூன்று சக்கரங்கள், தடித்த இறக்கைக் குறுக்குவெட்டு.

அந்தத் தடிமனை அழகியல் தேர்வாக மட்டும் பார்த்தால் நாம் ஏமாந்துபோவோம். மெல்லிய இறக்கையுள்ள விமானம் கீழ்நோக்கிப் பாயும்போது வேகம் மளமளவென்று ஏறும். அந்த வேகத்தில், கடைசிவரை மட்டுமே செல்லத் தெரிந்த ஒரு சுக்கானைத் தட்டினால் என்ன ஆகும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். தடித்த இறக்கை காற்றைத் தடுத்து வேகத்தைச் சீராக வைக்கிறது. விசையைத் தட்டும் இடைவெளிகளில் விமானம் தானாகவே நிதானமாக இருக்க வேண்டும். அந்த நிதானத்தைப் பால்சாவில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வேறு சொற்களில் சொன்னால், விமானத்தின் உருவம் அன்றைய வானொலியின் குறைபாட்டைப் பதிவு செய்துவைத்த ஆவணம்.

இதற்கான சான்று அடுத்து வந்த ஆண்டுகளில் கிடைக்கிறது. கைப்பிடியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே சுக்கானும் நகரும் ‘புரொபோர்ஷனல்’ கருவிகள் 1960களில் வந்து சேர்ந்தன. 1967இல் கோர்சிகாவின் அஜாக்ஸியோவில் உலகப் பட்டத்தை வென்ற ஃபில் கிராஃப்ட், அத்தகைய கருவிகளைத் தயாரித்தவர். தன் ‘குவிக் ஃப்ளை 3’ விமானத்தையும் தானே வரைந்தவர். ‘கொஞ்சம்’ என்ற சொல் கைவசப்பட்டதும் விமானங்களின் வடிவமும் மாறத் தொடங்கியது. 1977இல் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆஸ்திரியாவின் ஹான்னோ பிரெட்னர் வென்ற ‘குராரே’, சக்கரங்களை உள்ளிழுத்துக்கொண்டு ஊசிபோல விரைந்தது. டாரஸையும் குராரேயையும் அருகருகே வைத்தால், பதினைந்து ஆண்டுகளில் மனித விரலுக்கும் வானத்துக்கும் இடையே நடந்தது என்ன என்பது விளங்கும்.

இப்போது பெட்டிக்குத் திரும்புவோம். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது மரத்தை அல்ல, வரைபடத்தை. பலகை கெட்டால் வேறு பலகை வாங்கலாம். வரைபடம் தொலைந்த கிட் வெறும் விறகு. அடுத்து, அச்சில் வெட்டிய பாகங்கள். அக்காலத்தில் எஃகு அச்சை மரத்தின்மீது அழுத்தி வெட்டினார்கள். அச்சு மழுங்கியிருந்தால் மரம் வெட்டுப்படாமல் நசுங்கும். பிரித்தெடுக்கையில் விலா எலும்பின் ஓரம் சிதையும். இன்றைய லேசர் வெட்டுக்குப் பழகிய கை இங்கே பொறுமை இழக்கும். பிளாஸ்டிக் கண்ணாடி மூடி நொறுங்கும் பதத்தில் இருக்கக்கூடும். நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் மஞ்சளித்து, நனைத்தவுடன் துண்டுதுண்டாகலாம்.

பால்சா ஈக்வடாரிலிருந்து பெருமளவில் வரும் மரம். சில ஆண்டுகளிலேயே ஓங்கி வளர்ந்துவிடும். ஒரே மரத்திலிருந்து வந்த இரு பலகைகள்கூட எடையில் பெரிதும் வேறுபடலாம். ஆகவே கட்டுபவர் பலகைகளை நிறுத்துப் பார்த்து, கனத்தவற்றை முன்பக்கத்துக்கும் இலேசானவற்றை வாலுக்கும் ஒதுக்குகிறார். இடது இறக்கையும் வலது இறக்கையும் ஒரே எடை கொள்ள வேண்டும். சமதளப் பலகைமேல் வரைபடத்தை விரித்து, அதன்மேல் மெழுகுத்தாள் பரப்பி, குறுக்குச்சட்டத்தைக் குண்டூசியால் நிலைநிறுத்தி, விலா எலும்புகளை ஒவ்வொன்றாக ஒட்டுகிறோம். அந்தப் பலகை சற்று முறுகியிருந்தால் இறக்கையும் முறுகும். அந்த முறுக்கலை வானத்தில் எந்தக் கருவியாலும் முழுமையாகத் திருத்த முடியாது.

இந்த வேலையின் நடுவில்தான் உண்மையான கேள்வி எழுகிறது. பட்டுத்துணி போர்த்தி டோப் பூசுவதா, சூடாக்கி ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தைப் போர்த்துவதா? மெத்தனால் எஞ்சினா, மின்மோட்டாரா? அன்றைய ரிசீவரும் மின்கலங்களும் சர்வோக்களும் இன்றையவற்றைவிடப் பல மடங்கு கனமானவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் விரல்நுனி அளவே இருக்கிறது. பழைய சுமைகளை எடுத்துவிட்டால் விமானம் இலேசாகும். ஆனால் ஈர்ப்பு மையம் இடம் மாறும். வரைபடத்தில் குறித்த புள்ளிக்கு அதைக் கொண்டுவர, உள்ளிருக்கும் பொருட்களை இடம் மாற்ற வேண்டும், அல்லது வீணான ஈயத்தைச் சேர்க்க வேண்டும். இவ்வளவையும் மாற்றிய பின் பறப்பது டாரஸா, டாரஸின் உருவம் மட்டும்தானா?

எல்லாவற்றையும் அப்படியே வைக்க இயலாது என்று நமக்குத் தோன்றுகிறது. ரீட் கருவியை மீட்டுப் பறக்கவிடும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் இறக்கையின் தடிமனையும், வாலின் தொலைவையும், ஈர்ப்பு மையத்தையும் மாற்றாதவரை, அந்த விமானம் தன் காலத்தின் நிதானத்துடனேயே பறக்கும். இன்றைய கைப்பிடியைப் பிடித்திருப்பவர், அது அவசரப்படாததை உணர்வார். ஏன் அவசரப்படவில்லை என்று கேட்டால், விடை பத்து உலோக நாக்குகளில் போய் முடியும். அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விமானத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

டாப் ஃப்ளைட் பெயரைப் பின்னாளில் வைத்திருந்த ஹாபிகோ நிறுவனம் 2018இல் திவாலானது. இனி அந்தப் பெட்டிகளின் எண்ணிக்கை குறையுமே தவிரக் கூடாது. ஆகவே திறப்பவருக்கு ஒரு கடமை உண்டு. ஒரு பாகத்தையும் பிரிப்பதற்கு முன், பலகைகள் அனைத்தையும் தாளில் படியெடுக்க வேண்டும்; வரைபடத்தை நகலெடுத்து, நகலின்மேல் கட்ட வேண்டும். மூல வரைபடம் மடிப்புக் குலையாமல் பெட்டிக்கே திரும்ப வேண்டும். அந்தப் படியெடுப்பிலிருந்து வேறொருவர் புதுப் பால்சாவில் இன்னொன்றை வெட்டிக்கொள்ளலாம்.

பறக்கும் விமானம் என்றேனும் ஒருநாள் விழும். அதைக் கட்டுபவர் அறிவார், அறிந்தேதான் கட்டுகிறார். ஆனால் பரணில் இருக்கும் கிட்டும் அழிந்துகொண்டுதான் இருக்கிறது, மெதுவாக, யாருக்கும் எதையும் சொல்லாமல். படியெடுத்து முடித்துவிட்டால், பெட்டியைத் திறப்பதே சரி என்று நாம் கருதுகிறோம்.